சாதாரணத்தில் கிடந்த லயோனஸ்

போர் முடிந்ததும் போர்க்கப்பலின் பாய்மரங்களைக் கழற்றுவார்கள். பீரங்கிகளை இறக்கி, மேல்தளத்துக்குப் பலகைக் கூரை வேய்ந்து, ஹாமோஸ் கழிமுகத்தில் சங்கிலியிட்டுக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய கப்பலைப் பற்றி, 'அது சாதாரணத்தில் கிடக்கிறது' என்று இங்கிலாந்தின் பிளிமத் டாக் ஊரார் சொல்வது வழக்கம். கடற்படைக் கணக்கர்களின் பேச்சிலிருந்து ஊருக்கு வந்த சொல் அது. தச்சன் மனைவி லவ்டே கிட்டோவுக்கு அந்தச் சொல்லுக்குள் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் புருஷன் இருந்தான், மகள் இருந்தாள், கோழிகளும் இருந்தன. தன் ஆயுளில் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தச் சாதாரணத்தைத்தான்.

கயிறு திரிப்பவர் மகளான லவ்டே, கப்பல் கட்டும் துறையின் மதிலையொட்டிய சந்து ஒன்றில் பிறந்தவள். 1758ஆம் ஆண்டு வசந்தத்தில் அறுபத்துநான்கு பீரங்கி தாங்கும் லயோனஸை நீரில் இறக்கியபோது கூட்டத்தோடு நின்று பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஜூவல் அத்தை. அந்தக் கப்பலுக்கு நியமிக்கப்பட்ட பீரங்கிக்காரரின் மனைவி. டாக்கில் தன்னைவிட மூத்த பெண் எவளும் அத்தைதான்.

"பேரைக் கேட்டியா பொண்ணே? லயோனஸாம். கார்ன்வால் முனைக்கு அந்தப் பக்கம் கடல் முழுங்கின நாட்டோட பேரு. மெதக்கப் போறதுக்கு முழுகினதோட பேரை வெக்கிறான் பாரு" என்றாள் ஜூவல் அத்தை.

"வெச்சவன் லண்டன்ல இருக்கான் அத்தை. முழுகப் போறது அவன் இல்லையே."

"என் வீட்டுக்காரன்தான் முழுகுவான். அதனாலதான் கேக்கறேன்."

அவர்கள் முன்னே நின்றிருந்த இளைஞன் திரும்பிப் பார்த்து, "இவ முழுகமாட்டா. நான் அடிச்ச ஆணி இவ உடம்புல இருக்கு" என்றான். அவன்தான் டிகரி கிட்டோ. கப்பல் கட்டிய தச்சர்களில் ஒருவன். அந்த ஆண்டே அதன் தச்சனாக நியமனம் பெற்றான்.

நியமனம் என்றால் கப்பலோடு பிணைப்பு. கேப்டன்கள் வருவார்கள், போவார்கள். மாலுமிகளுக்குப் போர் முடிந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். தச்சனும் பீரங்கிக்காரரும் இன்னும் சிலரும் மட்டும் கப்பல் பிறந்த நாளிலிருந்து உடைக்கப்படும் நாள்வரை அதற்கே உரியவர்கள். கேப்டன் கப்பலுக்கு விருந்தாளி, தச்சன் அதற்கு வாழ்க்கைப்பட்டவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

முதல் போரில் லயோனஸ் பிரெஞ்சுக் கரையைக் காத்து நின்றது; இரண்டு முறை குண்டடி பட்டது; ஒருமுறை முன்பாய்மரத்தைப் பறிகொடுத்தது. 1763இல் சமாதானம் வந்ததும் ஹாமோஸுக்குத் திரும்பிச் சாதாரணத்தில் கிடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் லவ்டே தன் பெட்டியோடு படகேறிப் போய் டிகரியின் மனைவியாக அதில் குடிபுகுந்தாள்.

ஐந்நூறு ஆண்கள் நெருக்கியடித்துக் கிடந்த கப்பலில் இப்போது நான்கைந்து குடும்பங்கள். கேப்டனின் அறைக்குப் பின்னே வரிசையாக இருந்த கண்ணாடிச் சாளரங்களில் வெயில் நன்றாக விழுந்ததால் லவ்டே அங்கே துணி உலர்த்தினாள். கீழ்ப் பீரங்கித் தளத்தில் அவளுக்குக் கோழிக்கூடு இருந்தது. மகள் டாம்சின் அந்தத் தளத்தில்தான் பிறந்தாள், அதன் சாய்வில்தான் நடை பழகினாள். கரைக்குக் கூட்டிப்போனால் கால் அகற்றி மாலுமி போலவே நடப்பாள். டிகரி காலையில் நீரிறைத்துக் கப்பலின் அடியை வடிப்பான். பகலில் கசிவு பார்ப்பான். மத்தியானம் லவ்டே சுட்ட கறி அடைத்த பேஸ்டியை, பீரங்கி போன சாளரத்தில் உட்கார்ந்து கால் தொங்கவிட்டுத் தின்பான்.

ஜூவல் அத்தைக்குக் கோழிகளோடுதான் சண்டை. "என் புருஷன் இருபத்துநாலு ராத்தல் குண்டு போட்ட எடத்துல உன் கோழி முட்டை போடுது."

"குண்டைவிட முட்டை சத்து அத்தை. ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் எடுத்துக்கொண்டுதான் போவாள்.

பதின்மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஹாமோஸில் கிடக்கும் கப்பல்களின் பெண்கள் எல்லோருக்கும் ஒரு பயம் பொது. மரம் தூக்கும் உத்திரம் கட்டிய பழங்கப்பல் ஒன்று துறையில் உண்டு. பாய்மரங்களைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலை. பெண்கள் அதற்கு வைத்த பெயர் 'தூக்குக்காரி'. அது எந்தக் கப்பலின் பக்கத்தில் வந்து நிற்கிறதோ அந்தக் கப்பல் போருக்குப் போகிறது என்று பொருள். அமெரிக்கக் குடியேற்றங்கள் கலகம் செய்த 1776இல் ஒரு காலை, துணி உலர்த்தப் போன லவ்டே கண்ணாடிக்கு வெளியே அதன் உத்திரத்தைக் கண்டாள்.

மேலே டிகரி கூரைப் பலகைகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு பாட்டு முணுமுணுத்தது. கப்பலுக்கு மரம் ஏறப்போகும் நாளில் தச்சன் முகத்தில் வெளிச்சம் வருவது இயல்புதான். லவ்டே அந்த வெளிச்சத்தை நெடுநாள் மன்னிக்கவில்லை.

புதுக் கேப்டன் பெண்கள் கடலேறக் கூடாது என்று உத்தரவிட்டார். லவ்டே மகளோடு விண்ட்மில் சந்தில் ஒரு மாடி அறைக்குப் போனாள். அசையாத தரையில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டாம்சின் ஸ்டோக்கில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, கழிமுகத்தில் கிடக்கும் மொட்டைக் கப்பல்களை அறைச் சாளரத்திலிருந்து பார்ப்பதே அவள் பொழுதாயிற்று. அவற்றின் தளங்களில் துணி காய்வதைக் காணும்போதெல்லாம் எவளோ ஒருத்தி தன் இடத்தில் வாழ்வதாகத் தோன்றியது.

1780இல் லயோனஸ் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பியது. இரு பக்கமும் இறைப்புக் குழாய்கள் நீரைக் கக்கிக்கொண்டே வந்ததால், ஊரார் கண்ணுக்கு அது அழுதுகொண்டு வந்தது. டிகரி மெலிந்து, நரைத்து இறங்கினான். பீரங்கிக்காரர் ஜூவல் இறங்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் அவரை ஆன்டிகுவாவில் நிறுத்திக்கொண்டுவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போன லவ்டேயிடம் ஜூவல் அத்தை அழவில்லை. கருப்புத் துணியை மடித்தபடியே சொன்னாள்: "அந்தக் காய்ச்சலுக்குப் பீரங்கிக்காரன், தச்சன்னு பேதம் கெடையாது பொண்ணே. நான் விட்ட மாதிரி நீ விட்டுராதே."

போர் ஓயவில்லை. கப்பலை உலர்துறைக்குள் இழுத்து, கதவடைத்து, நீரை வடித்தார்கள். துறையின் சர்வேயர்கள் மரத்தைத் துளைத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். மூன்று வழிகள் இருந்தன. உடம்பு உரமாக இருந்தால் பழுது பார்த்து மறுபடியும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவார்கள். டிகரியும் அதோடு போவான். முற்றும் உளுத்திருந்தால் உடைத்துவிடுவார்கள். கப்பல் இல்லாத தச்சனைக் கடலுக்குப் போகும் வேறொன்றில் ஏற்றுவார்கள். கடலுக்கு ஆகாது, துறைமுகத்தில் மிதக்க ஆகும் என்று சொல்லிவிட்டால் மட்டுமே கப்பலும் டிகரியும் ஹாமோஸில் தங்குவார்கள். லவ்டேக்கு அந்த மூன்றாவது ஒன்றுதான் வழி.

விண்ட்மில் சந்து அறையில் டிகரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பேச்செடுத்தாள். "பின்பக்கம் மேல ஒரு விலாமரம் உளுத்திருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். கூரையிலேருந்து மழைத்தண்ணி எறங்கியிருக்கு. கடல் தண்ணி மரத்தைக் காப்பாத்தும், நல்ல தண்ணிதான் கொல்லும்."

"அதை அவங்களுக்குக் காட்டு."

"காட்டினா ஒடைக்கச் சொல்லுவாங்க."

"கொஞ்சமா காட்டு."

டிகரி சிரித்துவிட்டான். "உளுப்பு என்ன உப்பா லவ்டே, வேணுங்கிற அளவு எடுத்துப் போட?"

அவள் சிரிக்கவில்லை. "ஜூவல் அத்தை கருப்புத் துணி மடிக்கிறதைப் பாத்துட்டு வந்தேன்."

அவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனான்.

ஆய்வு நாளன்று தச்சர்களின் பெண்கள் சாப்பாட்டு மூட்டையோடு துறையின் விளிம்பில் நிற்கத் தடை இல்லை. லவ்டே அங்கிருந்து பார்த்தாள். கீழே நீரற்ற பள்ளத்தில் லயோனஸ் பாசி படிந்த வயிற்றோடு தாங்குகட்டைகள் மேல் நின்றது. நீரில் இறக்கிய நாளுக்குப் பிறகு அதன் முழு உருவத்தை அவள் கண்டது அன்றுதான். சாரத்தின் மேல் மூன்று சர்வேயர்களும் டிகரியும். ஒருவர் துரப்பணத்தை மரத்தில் வைத்துத் திருக, தூள் உதிர்ந்தது. அந்தத் தூளை முகர்ந்தும் நாவில் வைத்தும் பார்ப்பது அவர்கள் முறை. உப்புக் கரித்தால் மரம் பிழைக்கும், புளித்தால் போயிற்று.

மூத்த சர்வேயர் மூக்குப்பொடிக்காரர். தூளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்து டிகரியின் உள்ளங்கையில் கொட்டினார். "என் மூக்கும் நாக்கும் பொடிக்குப் போயிருச்சு கிட்டோ. இவளைக் கட்டினவன் நீ. நீயே சொல்லு."

டிகரி தூளை நாவில் வைத்தான். சர்வேயர்கள் காத்திருந்தார்கள். அவன் தலை நிமிர்ந்து, துறையின் விளிம்பில் மூட்டையைப் பிடித்து நின்றவளைப் பார்த்தான்.

"புளிக்குது ஐயா" என்றான்.

"எல்லா எடத்துலயுமா?"

"தண்ணி மட்டத்துக்குக் கீழ கல்லு மாதிரி இருக்கு. மேலதான் போச்சு. பெரிய கடலைத் தாங்கமாட்டா. கட்டிப் போட்டா நம்ம ஆயுசுக்கும் மெதப்பா."

மற்ற இருவரும் இன்னும் இரண்டு இடங்களில் துளைத்தார்கள். அவற்றில் ஒன்று அந்த உளுத்த விலாமரம். அதன் பிறகு யாரும் வாதிடவில்லை. லயோனஸ் இனித் துறைமுகப் பணிக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

அன்று லவ்டே ஸ்டோக் வரைக்கும் நடந்தே போய் மகளிடம் சொன்னாள். வழியெல்லாம் கோழிக்கூட்டை எந்தப் பக்கம் வைப்பது என்ற யோசனை.

ஆனால் போர்க்காலத்தில் துறைமுகப் பணி என்பது சாதாரணம் ஆகாது. மரங்களை இழந்து ஹாமோஸில் கட்டப்பட்ட லயோனஸை, கட்டாயமாகப் பிடித்துவரும் ஆட்களை அடைத்துவைக்கும் கப்பலாக்கினார்கள். படகுகளிலிருந்தும் சத்திரங்களிலிருந்தும் கடற்படையின் ஆட்பிடிக் கும்பல் இழுத்துவந்த ஆண்கள் கீழ்ப் பீரங்கித் தளத்தில் கிடந்தார்கள். சாளரங்களில் இரும்புக் கம்பி. அதற்கு வெளியே மரக் கதவு, எப்போதும் மூடியே. படிகளில் துப்பாக்கியோடு காவல். தச்சனின் குடும்பத்துக்குப் பின்பக்கம் ஓர் அறையும் அதையொட்டி நீரின் மேல் நீண்ட சிறு மாடமும் கொடுத்தார்கள். டாம்சின் நடை பழகிய பலகைகளின் மேல் இப்போது அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் மனிதர்கள் படுத்திருந்தார்கள்.

தினமும் காலையில் பெண்களின் படகுகள் வந்து சுற்றிக்கொள்ளும். காவல் படகு அவர்களைத் தள்ளி நிறுத்தும். அவர்கள் அங்கிருந்தே பெயர்களைக் கூவுவார்கள். உள்ளே பதில் சொல்லும் குரல்கள் மரத்தில் மோதி ஒன்றும் புரியாத இரைச்சலாகும். லவ்டே மாடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கீரை நறுக்குவாள்.

அவளுக்கு வேண்டியது கிடைத்திருந்தது. புருஷன் மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். ஆனால் கடல்நீர் கழிமுகத்துக்குள் ஏறும் கடலேற்றம் தொடங்கினால் அவன் கைவேலை நின்றுவிடும். சங்கிலியில் கட்டியிருந்தாலும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பும். ஏற்றத்தில் அதன் முகம் கடலைப் பார்க்கும். அந்த நேரத்தில் டிகரி மேல்தளத்துக்குப் போய், பாய்மரம் நின்ற குழியருகே நின்றுகொள்வான். நீர் வடியத் தொடங்கிக் கப்பல் ஊரை நோக்கித் திரும்பிய பிறகுதான் இறங்கி வருவான்.

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் அவள் கேட்டாள். "கடல் வேணும்னா வேற தச்சனோட மாத்திக்கிட்டுப் போயேன். கரையில நிக்கணும்னு தவிக்கிறவன் எத்தனையோ பேரு இருப்பான். நான் தடுக்கமாட்டேன்."

"எனக்குக் கடல் வேணாம்."

"பின்ன அங்க நின்னு என்னத்தைப் பாக்கறே?"

அவன் ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தான். "இவ கடல்ல இருக்கணும். நான் இவளுக்குள்ள இருக்கணும். வேற கப்பல்ல போயி நான் என்ன செய்ய?" பிறகு, ஏதோ கசிவைப் பற்றிச் சொல்பவன் போல, "அன்னிக்கு அந்தத் தூளு புளிக்கல, லவ்டே. உப்பாத்தான் இருந்துச்சு. அந்த ஒத்தை மரத்தை மாத்தினா இவ இன்னும் பத்து வருஷம் ஓடியிருப்பா" என்றான்.

லவ்டே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தன் கையால் ஆணி அடித்துக் கட்டிய கப்பலை, அவள் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில், ஆகாதது என்று அவன் சொல்லிவிட்டான். அவள் கேட்டதுதான், ஆனால் கேட்டபோது இவ்வளவு விலை என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாள் என்பதை உணர்ந்தபோதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"சாப்பிடு. ஆறிப்போவுது" என்றாள்.

அதன் பிறகு படகுகளின் கூவலுக்கு மாடத்துக் கதவைச் சாத்த அவளுக்கு மனம் வரவில்லை. சில நாள் கழித்து, காசண்ட் மீனவக் குப்பத்துப் படகு ஒன்று மாடத்தின் கீழே ஒதுங்கியது. துடுப்புப் போட்டவள் முதுகில் ஒரு கைக்குழந்தை. "ஜேக்கப் வென்னா!" என்று கூவி, பதிலுக்குக் காது கொடுத்து, மறுபடியும் கூவினாள். தள்ளிப் போகச் சொன்ன காவலாளியைப் பார்த்து, "தள்ளித்தான் இருக்கேன். எட்டு மாசமா தள்ளித்தான் இருக்கேன். அவன் புள்ளையைப் பாக்கல இன்னும்" என்றாள்.

லவ்டே கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே ஆட்கள் அடைக்கப்பட்ட பின் அவள் அங்கு போவது அதுவே முதல் முறை. படுத்திருந்த வரிசைகளின் நடுவே பெயரைச் சொல்லிக்கொண்டே போய், இடப்பக்க நாலாவது சாளரத்தோரம் எழுந்து நின்ற ஒருவனைக் கண்டாள். பிறகு டிகரியைத் தேடிப் போனாள்.

"எடப்பக்கம் நாலாவது சாளரத்துக் கதவு, கீல் கெட்டுப் போயிருக்கு."

"கெடலையே. போன வாரந்தான் எண்ணெய் போட்டேன்."

"நல்லா பாத்துச் சொல்லு."

டிகரி அவளை ஏறிட்டுப் பார்த்தான். வெளியே அந்தப் பெண் மறுபடியும் கூவியது கேட்டது. அவன் சுத்தியலையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு காவல் லெப்டினன்ட்டிடம் போனான்.

"கதவைக் கழட்டியே ஆகணும் ஐயா. கீல் போச்சு. புயல்ல விழுந்தா தண்ணி உள்ள வரும்."

"கம்பி இருக்குல்ல?"

"கம்பி அப்படியே இருக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"துரு ஏறியிருக்கு. சாயங்காலம் ஆயிரும்."

கதவு கழன்றதும் தளத்தின் இருட்டுக்குள் ஒரு சதுர வெளிச்சம் விழுந்தது. ஜேக்கப் வென்னா கம்பிகளின் இடையே தோள்வரை கையை நீட்டினான். படகிலிருந்தவள் குழந்தையை இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள். ஓர் ஆள் நீள இடைவெளி மிச்சமிருந்தது. அதற்கு மேல் நெருங்கக் காவல் படகு விடவில்லை.

"காது மட்டும் உன்னோடது. பாவம் புள்ளை" என்றாள் அவள்.

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் எங்கப்பா. தப்பிச்சான்."

அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டுச் சுற்றிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு இருவரும் வலையைப் பற்றியும், பில்ச்சர்டு மீன் இந்த ஆண்டு நேரத்தோடு வந்ததைப் பற்றியும், கூரையில் ஒழுகும் இடத்தைப் பற்றியும் பேசினார்கள். டிகரி பக்கத்தில் மண்டியிட்டு, நல்ல கீலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்கத் தெரியாத கை. அரத்தை எடுத்தான். கீலின் ஆணியை, ஒரு குறையும் இல்லாத அந்த இரும்பை, பொறுமையாக அராவத் தொடங்கினான். தூள் அவன் முழங்காலில் உதிர்ந்தது.

"என்ன பண்றே?" என்றாள் லவ்டே.

"தளர்த்தி விடறேன். வியாழக்கிழமைக்குள்ள மறுபடி கெட்டுரும்."

அவன் முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். மரம் ஏறிய நாளில் கண்ட வெளிச்சம் அதில் இல்லை; அது இனி வராது. ஆனாலும் இப்போது கடலேற்றம். கப்பல் மெல்ல முகம் திருப்பிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து மேலே போகவில்லை.

லவ்டே மாடத்துக்குத் திரும்பினாள். கதவை முழுக்கத் திறந்து, தொலைவில் காவல் படகு தள்ளி நிறுத்தியிருந்த இன்னொரு படகை நோக்கிக் கை தட்டினாள். அதில் இருந்த பெண் நிமிர்ந்ததும், வாயருகே கையைக் குவித்துக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"